நாற்பத்தொரு தாளில் ஒரே இரண்டு வரி

மோனை டீச்சர் என்ற பட்டப்பெயரை எந்தப் பிள்ளை வைத்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தமிழ் டீச்சர் என்று கேட்டால் அந்தப் பள்ளியில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. மோனை டீச்சர் என்றால் வாட்ச்மேன்கூட மாடிப்படியைக் கைகாட்டிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பஸ்ஸில் நின்றபடி அவர் இரண்டு வரி கட்டினார்.

பாதை நடந்தால் பயணம் பழகும்;
வாதை கடந்தால் வாழ்வு வளரும்.

முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை: பாதை, பயணம், பழகும். இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை: பாதை, வாதை; நடந்தால், கடந்தால். கடைசி ஓசை ஒத்துவந்தால் இயைபு: பழகும், வளரும். மூன்றும் இரண்டே வரியில்! அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பே மேசையைத் தட்டித் தட்டிப் பாடியது; பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் புதிதாக ஒன்று கட்டவேண்டும் என்றுதான் நினைத்தார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அதற்கடுத்து மாமியார் படுக்கையில் விழுந்தார். நடுவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையை வேறு தலையில் கட்டினார்கள். ஒரு வகுப்பு இரண்டானது, நோட்டுக் கட்டு இரு மடங்கானது. கை பாட்டுக்கு அந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதும். மனசு பாட்டுக்குச் சமையல் கேஸ் தீர்ந்துபோனதை நினைத்துக்கொண்டிருக்கும். அப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. யாரைக் குறை சொல்வது?

இத்தனை வருடமும் பொதுத்தேர்வில் "எடுத்துக்காட்டுத் தருக" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளும் டீச்சரின் வரியை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இந்த வருடம் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, "மூன்றும் அமையும்படி இரண்டு வரி சொந்தமாக எழுதுக" என்று மாற்றிவிட்டார். நாற்பத்தொரு பிள்ளைகள். நாற்பத்தொரு பேரும் சொந்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல், அதே இரண்டு வரியை எழுதிவைத்தார்கள்.

தேர்வு அலுவலகம் சும்மா இருக்குமா? கூண்டோடு காப்பி அடித்ததாகச் சந்தேகம் என்று முடிவை நிறுத்திவிட்டது. தலைமையாசிரியர் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"ஏதோ கைடுல இருந்துச்சு, பசங்க மனப்பாடம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடுங்க டீச்சர். உங்க பேரும் கெடாது, பள்ளிக்கூடத்துப் பேரும் கெடாது."

"எந்த கைடுன்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

டீச்சருக்கும் அந்த யோசனை பிடிக்காமல் இல்லை. உண்மையைச் சொல்லிக் கூனிக்குறுகுவதற்கு யாருக்கு ஆசை? ஆனால் அன்று மதியம், அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தியின் அம்மாவான தையல்காரம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"எம்பொண்ணு காப்பி அடிக்கிறவ இல்ல டீச்சர். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா," என்றார் டீச்சர். அன்று இரவே பழைய பாடக்குறிப்பு நோட்டுகளைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை காலையிலேயே தேர்வு அலுவலகத்துக்குப் போனார். விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கோப்புகளுக்கு நடுவில் ஆறிப்போன டீ. கண்ணில் டீச்சருக்குச் சளைக்காத தூக்கக் கலக்கம்.

"புள்ளைங்க காப்பி அடிக்கல மேடம். அது நான் கட்டுன வரி. வருஷா வருஷம் அதைத்தான் சொல்லிக்குடுக்கிறேன்."

"சொந்தமா எழுதச் சொல்லி கேள்வியிலேயே இருக்கே?"

"அதுங்களுக்கு வேற தெரியாது மேடம். நான் காட்டினது அது ஒண்ணுதான்."

டீச்சர் நோட்டுகளை மேசைமேல் எடுத்துவைத்தார். அதிகாரி இரண்டைப் புரட்டிவிட்டு மூடினார்.

"நோட்டை நேத்து உக்காந்துகூட எழுதிக்கலாம். நீங்க கட்டுனதுதானே? இன்னொண்ணு கட்டுங்க பாப்போம். இப்பவே, என் முன்னாடி."

வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினார்.

இதென்ன பிரமாதம் என்றுதான் டீச்சர் பேனாவைத் திறந்தார். மழை என்று எழுதினார். மழைக்கு இழை, தழை, விழை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வார்த்தை வந்தது, வரி வரவில்லை. அடித்தார். காலை என்று தொடங்கினார். சாலை, மாலை, வேலை. எல்லாம் பட்டியலாகவே நின்றன. அதையும் அடித்தார். பத்து நிமிடமானது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒற்றைக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டியவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி வரவில்லை.

"வரல மேடம்," என்றார். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி அடித்தல் திருத்தலாகக் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"நம்புறேன் டீச்சர். காப்பி அடிக்க வைக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணாக் கட்டிக் குடுத்திருப்பாங்க. உங்களால அது முடியாது." குரலில் ஏளனம் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. "சாயங்காலமே முடிவை விட்டுடறோம். ஒரே ஒரு விளக்கம் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

டீச்சர் எழுதினார். "கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக இவ்விரண்டு வரிகளைத் தவிர வேறு எதையும் என் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக நான் கற்பித்ததில்லை." ஒரு அடித்தல் இல்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது தையல்காரம்மா போனில் கூப்பிட்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சு டீச்சர்! தமிழ்லதான் எல்லாத்தையும்விட அதிகம். நீங்க சொல்லிக்குடுத்ததை அப்படியே எழுதினேன்னு சொல்றா. உங்களை மாதிரி டீச்சர் யாருக்குக் கிடைப்பாங்க, சொல்லுங்க?"

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நாளைக்குக் காலையிலேயே போய் சேர்த்துடுங்கம்மா," என்றார். "லேட் பண்ணாதீங்க."