ஸ்டாப்பருக்கு வந்த சால்வை

எங்கள் கல்யாணப் பேச்சின்போது பாளையங்கோட்டையிலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். "மாப்ள ஃபுட்பால் ஆடுதாருன்னு சொல்லுதாங்க. சரி, வேலை என்ன பாக்காரு?" என்று கேட்டார். அதுதான் வேலை என்றேன். "அது இல்ல மாதங்கி, பொழப்புக்கு என்ன செய்தாருன்னு கேக்கேன்" என்றார். பத்து வருடம் ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

அவருக்குப் பதில் இங்கேயே எழுதிவைக்கிறேன். என் கணவர் நவநீத் தொழில்முறைக் கால்பந்து வீரர். பதினெட்டு வருடமாக ஆடுகிறார். கோல் போடுகிறவர் அல்ல, போட வருகிறவனைத் தடுக்கிறவர். கொல்கத்தாவில் அந்த இடத்தில் ஆடுபவருக்கு ஸ்டாப்பர் என்று பெயர். பதினெட்டு வருடத்தில் அவர் போட்ட கோல் ஒன்றே ஒன்று. கால் இடறித் தன் கோலுக்குள்ளேயே போட்டது மூன்று. நான் இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம், "தடுத்தத எவனாவது எண்ணுனானா?" என்பார். எவனும் எண்ணவில்லை. பத்திரிகைகளில் அவர் பெயர் வந்த துணுக்குகளை வெட்டி ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். பத்தில் எட்டு, 'நவநீதின் தவறால்' என்றுதான் தொடங்கும். தவறு செய்யாத நாளில் அவர் மைதானத்துக்கே வராத மாதிரி எழுதுவார்கள். அந்த நிருபர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் லேசில் ஆறாது.

அவர் பிறந்தது கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில். அப்பா கோபாலன் தூத்துக்குடியிலிருந்து வந்த கிரேன் டிரைவர். லாரிகள் நிற்கும் காலியிடம்தான் அங்கே பிள்ளைகளுக்கு மைதானம். பந்து லாரிக்கு அடியில் போனால் டிரைவர் பிடுங்கி வைத்துக்கொள்வான், ரோட்டுக்குப் போனால் பஸ் ஏறிவிடும். மற்றவர்கள் எல்லாரும் கோல் போடப் பறந்தார்கள். பந்துக்குச் சொந்தக்காரர் நவநீத். தன் பந்து பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று பின்னால் நின்று காவல் காத்தார். அப்படித்தான் ஸ்டாப்பர் ஆனார், வேறு லட்சியம் ஒன்றும் இல்லை.

பதினெட்டு வயதில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தார். கோவாவில் ஒரு சீசன், ஷில்லாங்கில் இரண்டு, பிறகு இன்னும் சில ஊர்கள். கடைசியில் மறுபடி கொல்கத்தா, ஆதிகங்கா ஸ்போர்ட்டிங். அங்கே ஒன்பது வருடம், அதில் நான்கு வருடம் கேப்டன். அவர் ஆட்டத்தில் வித்தை எதுவும் கிடையாது. எதிராளி பந்தோடு வந்தால் பாய மாட்டார். அரை அடி பின்வாங்குவார். இன்னொரு அரை அடி பின்வாங்குவார். வருகிறவன் வழி கிடைத்துவிட்டது என்று நம்பி வந்துகொண்டே இருப்பான். கடைசியில் பார்த்தால் கோட்டுக்கு வெளியே நிற்பான்.

போன சீசனுக்கு முந்தின சீசனில், மழைச் சேற்றில், முழங்கால் ஜவ்வு அறுந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பூட்ஸ் சேற்றிலேயே கிடந்தது. பார்க்க வந்திருந்த இருநூறு பேரும் அதற்குள் அடுத்த ஃப்ரீ கிக்கைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை வலிக்கிறது என்பது இல்லை.

"என்னத் தூக்கிட்டு வந்துட்டானுங்க, மாதங்கி. இன்னும் ஒரு லீக் மேட்சாவது ஆடணும். ஆடிட்டு நானா நடந்து வெளிய வரணும். அப்பறம் எவன் என்ன சொன்னாலும் சரி."

அது ஒன்றுதான் அவர் கேட்டது. லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து ரவீந்திர சரோவர் ஏரி பக்கம். விடிந்ததும் அங்கே போவோம். முதல் மாதம் ஊன்றுகோலோடு ஒரு பெஞ்சு வரை. பிறகு இரண்டு பெஞ்சு. எட்டாவது மாதம் ஏரியைச் சுற்றி ஓடினார். நான் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அடுத்த ஏப்ரலில் பல்டுதா போன் செய்தார். பல்டுதா ஆதிகங்காவின் செயலாளர். உண்மைப் பெயர் ஏதோ நீளமாக இருக்கும், கிளப்புகள் வரிசையாக இருக்கும் 'மைதான்' என்ற பெருவெளியில் யாருக்கும் அது தெரியாது. "பார் பூஜைக்குச் சீக்கிரம் வா. நல்ல பஞ்சாபி போட்டுக்கோ. பௌதியையும் கூட்டிட்டு வா" என்றார். இங்கே பஞ்சாபி என்றால் ஜிப்பா, பௌதி என்றால் அண்ணி, பெயரோடு ஒட்டும் தா என்றால் அண்ணன்.

பெங்காலிப் புத்தாண்டுக் காலையில் மைதானில் இருக்கும் கிளப்புகளில் பார் பூஜை நடக்கும். கோல் போஸ்டின் குறுக்குக் கம்பத்துக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, புரோகிதர் மந்திரம் சொல்லுவார். வரப்போகும் சீசனின் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து சங்கல்பம் செய்துகொள்வார். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். இப்போது நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறேன். பௌதியையும் கூட்டி வா என்றால் மறுபடி கேப்டன் ஆக்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இருவரும் அப்படித்தான் நினைத்தோம். அவர் பையில் பூட்ஸையும் எடுத்துவைத்துக்கொண்டார். பூஜை முடிந்து பயிற்சி ஆட்டம் நடப்பது வழக்கம்.

போய்ப் பார்த்தால் கம்பத்துக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் கேப்டனாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சின்ன மேடை. அதில் பூச்செண்டு, மிஷ்டி டப்பா, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப் பத்திரம், தட்டில் மடித்த சால்வை. பின்னால் பேனர். எனக்குப் பெங்காலி எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 'விடைபெறும் நம் நவநீதுக்கு' என்று கூட்டி முடிப்பதற்குள் எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஒரு மனிதனைக் கேட்காமலே ரிட்டயர் ஆக்கி, அதற்கு இனிப்பும் வாங்கிவைத்திருந்தார்கள்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். மேலே ஏறினார். பல்டுதா சால்வையைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார். நவநீத் அரை அடி பின்வாங்கினார். பல்டுதா சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே வந்தார். இன்னொரு அரை அடி. கூச்சப்படுகிறார் என்று கூட்டம் கை தட்டியது. நடப்பது என்னவென்று எனக்கு மட்டும் புரிந்தது. மேடையின் ஓரம் வரை அப்படியே கூட்டிக்கொண்டு போய், சட்டென்று பக்கவாட்டில் விலகினார். விளிம்பில் நின்றது பல்டுதா, கையில் போர்த்த ஆளில்லாத சால்வை. நவநீத் மைக் முன்னால் இருந்தார்.

"பல்டுதா, ஒன்பது வருஷமா எங்க நிக்கிற, யார மார்க் பண்றன்னு என்னக் கேட்டுருக்கீங்க. இத மட்டும் கேக்கல" என்றார் பெங்காலியில். குரலை உயர்த்தவில்லை. "நான் ரிட்டயர் ஆகல. பூட்ஸ் கொண்டு வந்துருக்கேன்."

கை தட்டல் பாதியில் நின்றது. பல்டுதா மைக்கை அணைத்துவிட்டு அவர் காதருகே வந்தார். முதல் வரிசையில் இருந்த எனக்கும் அது கேட்டது.

"விருந்தாளிங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. அந்த பூட்ஸ மாட்டிக்கிட்டு எங்க வேணா ஓடு. ஆதிகங்கா லிஸ்ட்டுல உன் பேர் வராது."

திரும்பும் பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அங்க வாங்கிட்டு வந்து வீட்ல தூக்கி எறிஞ்சிருக்கலாம்லா? எதுக்கு எல்லாத்தையும் பகைச்சிட்டு வாரீங்க?"

"தோள்ல விழுந்துட்டா முடிஞ்சிருச்சு. நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரும். அப்பறம் நான் ஆடுறேன்னு எவன்ட்ட போய் நிக்கிறது?" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் செய்த ஆகச் சிறந்த தடுப்பு அன்று மேடையில் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதையும் எவனும் எழுதவில்லை.

அதன் பிறகு அவர் போன் செய்யாத கிளப் இல்லை. சிலர் வயதைக் கேட்டார்கள், சிலர் முழங்காலைக் கேட்டார்கள், சிலர் போனை எடுக்கவே இல்லை. அந்த சீசனுக்கு வீரர்கள் பதிவு முடிய இரண்டு நாள் இருந்தபோது, பெஹாலாவில் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றின் கோச் தீபக்தா வரச் சொன்னார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஓடுவியா?"

"தேவைப்பட்டா."

தீபக்தா சிரித்துவிட்டு ஃபாரத்தை நீட்டினார். அங்கே உடன் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைக் காக்கு என்று கூப்பிட்டார்கள். சித்தப்பா என்று அர்த்தம். வீட்டில் நான் இரண்டு நாள் அப்படியே கூப்பிட்டுப் பார்த்தேன், முறைத்தார்.

அந்த வாரமே ஆதிகங்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சால்வையும் வாழ்த்துப் பத்திரமும். எப்படியும் போர்த்தியே தீர்வது என்று முடிவு கட்டியிருந்தார்கள். திருப்பி அனுப்ப நான் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். பெஹாலாவில் பயிற்சி முடிந்து அவர் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி வந்து சேர்ந்தார். ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் நழுவி நழுவி விழுந்தது. கைக்கு எட்டியது சால்வைதான். இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அசையாமல் நின்றது. நல்ல கெட்டித் துணி, அதைச் சொல்லத்தான் வேண்டும். வாழ்த்துப் பத்திரம் அலமாரிக்குப் பின்னால் போயிற்று.

ஜூலையில் அவருடைய முதல் லீக் மேட்ச் வந்தது. கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்கு எந்த மைதானம் கிடைக்கிறதோ அதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஆதிகங்கா மைதானம். நான் ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கில் ஐஸும் பையில் சால்வையுமாகப் போனேன். கிளப் கூடாரத்துக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீயோடு பல்டுதா உட்கார்ந்திருந்தார். அவர் மைதானம், அவர் வராமல் இருப்பாரா?

மழை விட்டு விட்டுப் பெய்தது. எதிரணியில் பத்தொன்பது வயது ஃபார்வர்டு ஒருவன் முயல் மாதிரி ஓடினான். நவநீத் ஓடவில்லை. அரை அடி, அரை அடி. அவன் மூன்று தடவை கோட்டுக்கு வெளியே போய்ச் சேற்றில் விழுந்தான். நாற்பது பேர் கூட்டத்தில் யாரோ "சபாஷ் காக்கு" என்றார்கள். எண்பத்தோராவது நிமிடம், கோல்கீப்பரையும் தாண்டிப் போன பந்தைக் கோட்டு மேலிருந்து சறுக்கி வெளியே தள்ளினார். பந்து தூரத்து ஓரத்துக்குப் பறந்தது. இவர் அதன் பின்னாலேயே நொண்டிப் போய், அங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். இதற்காகவா எட்டு மாதம் ஏரியைச் சுற்றினோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினார். ரெஃப்ரி ஏதோ சொன்னார். மறுபடியும் ஆட்டினார். ஒரு கையை ஊன்றி எழுந்தார்.

மாற்று ஆள் உள்ளே போனான். வெளியேறுகிறவர் பக்கத்தில் இருக்கும் கோடு வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பெஞ்சு எதிர்ப்பக்கம். அதனால் மைதானத்தின் ஓரத்தைப் பாதி சுற்றி, கோல் போஸ்டுக்குப் பின்னால், பல்டுதாவின் கூடாரத்தைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சர்காரர்கள் நாலடி தள்ளிக் கூடவே வந்தார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஆட்டம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு அழுதேன். பார் பூஜை நடந்த அதே கம்பத்துக்குப் பின்னால் வந்தபோது அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

நான் கூடாரத்துப் பக்கம் ஓடினேன். பல்டுதா நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். அந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். நவநீத் அதில் உட்கார்ந்தார். நான் சேற்றில் மண்டி போட்டு, ஐஸை வைத்துச் சால்வையைச் சுற்ற ஆரம்பித்தேன். அதற்குள் ஆட்டம் முடிந்த நீண்ட விசில் கேட்டது. சைபருக்குச் சைபர். ஸ்டாப்பர் வீட்டில் அதற்குப் பெயர் வெற்றி.

பல்டுதா சால்வையின் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கடைசில ஏத்துக்கிட்டீங்க போல, பௌதி?" என்றார்.

"தோளுக்கு இல்ல, பல்டுதா" என்றேன் என் அரைகுறைப் பெங்காலியில். "முட்டிக்கு."

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நவநீதைப் பார்த்தார். "சரிப்பா. நடந்தே வந்துட்ட. நெனச்சது நடந்துருச்சுல்ல? இப்பவாவது போதும்னு சொல்லு."

நவநீத் குனிந்து முடிச்சை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.

"வியாழக்கிழமை மேட்ச் இருக்கு, பல்டுதா."