காற்றுக்கு நின்ற வேட்டி

காவலூர் போகும் பேருந்து மலை வளைவில் நிற்கிறது. கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க, சாலையோரச் சருகை முன்கூட்டியே கொளுத்துகிறார்கள். அது முடிந்தால்தான் வழி.

கால் நீட்ட இறங்குகிறேன். கையில் பச்சைத் தழையோடு தீயைக் காவல் காக்கும் மலைக்காரப் பெண் என் வேட்டியையே பார்க்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"அப்படியே நில்லுங்கண்ணா. புகை சுத்திச் சுத்தி ஏமாத்துது. காத்து எந்தப் பக்கம்னு உங்க வேட்டிதான் சரியா காட்டுது."

"இன்னாம்மா, வேற ஆள் இல்லியா?"

"எல்லாம் பேன்ட்டு போட்டுக்கினு வந்துட்டாங்க. அந்தப் பக்கம் ஆடுனா சொல்லுங்க. அங்கதான் எங்க புளியமரம்லாம் இருக்குது. இந்த வருசம் நல்ல காய்ப்பு."

பேருந்திலிருக்கும் எல்லாரும் சன்னல் வழியாக என் வேட்டியைப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன். திடீரென்று வேட்டி புளியமரங்கள் பக்கமாகப் படபடக்கிறது.

"காத்து திரும்பிடுச்சு!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவளும் கூட இருப்பவர்களும் ஓடிப்போய்த் தழையால் அடித்துத் தீயை அணைக்கிறார்கள். ஒரு மரத்தின் கீழ்க்கிளை மட்டும் வாடியிருக்கிறது.

இந்த வளைவில் சருகு எரிந்து முடிந்து வழி கிடைக்கிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.

"நீங்க போங்கண்ணா. கீழ் வளைவுல இன்னும் கொளுத்தணும், வேட்டிய வுட்டுட்டுப் போங்க" என்கிறாள். பேருந்து முழுக்கச் சிரிப்பு.

தோளில் கிடந்த துண்டை அவசரமாக அவளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி ஏறிக்கொள்கிறேன்.