அண்ணனுக்குப் போகாத செய்தி

கம்ப்யூட்டர் நிரலில் அந்த வரியை எழுதிய அன்று பாறசாலை விமான டிக்கெட் ஆபீஸில் நானும், ஆபீஸ் நடத்தும் சேச்சியும் இருந்தோம். என் நிரலைப் படித்துத் திருத்தும் சீனியர் இல்லை. தன் அம்மாவைக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்களுக்கு, ஆறு மாதம் முடிந்து விசா ரத்தாகும் முன் போனில் செய்தி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் அந்த நிரல். ஒவ்வொருவருக்கும் பெயர், போன் எண், கடைசித் தேதி. எதைத் திருத்தவும் ஒரே ஃபங்ஷன், அதாவது ஒரே கட்டளைத் தொகுப்பு, போதும் என்று நினைத்தேன்: எந்தக் கட்டம் என்று சொல்ல ஒரு கீ, அதில் போட ஒரு மதிப்பு. தேதி வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து போனால் முன்கூட்டியே தடுக்கிற கம்ப்யூட்டர் மொழி அது. ஆனால் கீ எதுவாகவும் இருக்கலாம் என்று ஜெனரிக்காக விட்டால் குழம்பிவிடும். கீ தேதிதானா என்று நானே கேட்டு உறுதி செய்த பிறகும், கூட வந்த மதிப்பும் தேதிதான் என்று அதற்குப் புரியவில்லை. இரண்டு நாள் மாற்றி மாற்றி எழுதினேன். தப்பு என்று அது அடியில் போடும் சிவப்புக் கோடு போகவில்லை.

"இன்னும் தீரல்லியா மக்கா? நாளைக்கு ஆளு வருமாக்கும்."

"செரியாத்தான் எழுதியிருக்கேன் சேச்சி. இதுக்குத்தான் மனசிலாவல்ல."

"எனக்குங்கூடத்தான் மனசிலாவல்ல. நான் கோடா போடுறேன்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. எதுவானாலும் சரி என்று பொருள்படும் 'எனி' என்ற சொல்லைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். கோடு மறைந்தது. ஒரு போன் எண்ணைத் திருத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்து, ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த என் அண்ணனின், தப்பாக ஏறியிருந்த கடைசித் தேதியைத் திருத்தினேன். பார்வைக்குச் சரியாகத்தான் தெரிந்தது; ஆனால் தேதியாக மாறாமல், தட்டிய எழுத்தாகவே அது உள்ளே போய் உட்கார்ந்தது. நாள் நெருங்கிவிட்டதா என்று நிரல் தினமும் கேட்கும்; எழுத்தை வைத்துக் கேட்டால் தினமும் இல்லை என்றே பதில்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்: "எலே, உன் பெட்டி ஒண்ணும் சொல்லல்லியே. எனக்கு இன்னும் சமயம் உண்டா?"

அவன் கடைசித் தேதியை எடுத்துப் பார்த்தேன். நான்கு நாள் கடந்திருந்தது. சொன்னேன்.

"கொள்ளாம்லே, நல்ல காரியம்" என்றான். "படிச்சவன் சொல்லுவான்னு இருந்தேன்." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஷார்ஜா கம்பெனி திரும்ப எடுக்கச் சம்மதித்தது, செலவு அவனுடையது என்று. நிலச்சீர்திருத்தத்தில் தாத்தாவுக்குப் பட்டா பதிந்து கிடைத்த பத்து சென்ட் நிலத்தில் ரோட்டோரத்து ஒரு சென்டை விற்றோம். புது விசாவும் டிக்கெட்டும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய்.