அரைவட்டத்துக்கு வெளியே நிற்கப் பழகுதல்

இந்த ஊரில் ஓடினால் விசில் ஊதுகிறார்கள். தெருவில் அல்ல, விளையாட்டு மைதானத்தில். வியாழக்கிழமை காலையில், நாட்டிங்காமுக்கு அருகே உள்ள எங்கள் சிற்றூரின் பிளாஸ்டிக் புல்தரையில், அறுபதைத் தாண்டிய பதினான்கு பேர் கால்பந்து ஆடுகிறோம். நடந்துதான் ஆட வேண்டும். எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. பந்து கண்ணெதிரே உருண்டு போகும், நாலடி துள்ளினால் பிடித்துவிடலாம், உடம்பும் துள்ளிவிடும். உடனே விசில். “நோ ரன்னிங், சாம்!” இதற்கு வாக்கிங் ஃபுட்பால் என்று பெயர். சாம் என்பது நான். சண்முகம் என்ற பெயரில் இவர்களுக்குத் தொடக்கமும் முடிவும் மட்டுமே பிடிபட்டன. முதல் மாதத்தில் ஓடியதற்காக என்மேல் பதினொரு விசில். எண்ணினேன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாடிப்படி, மாத்திரை, மகள் வீட்டில் சொட்டும் குழாய், எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு.

அந்தக் கணக்குதான் என்னை மைதானத்துக்கு அனுப்பியது. மனைவி காலமான பிறகு மகள் மீனாவோடு வந்து சேர்ந்தேன். அவள் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். ஒரு நாள் சலித்துப்போய்ச் சொன்னாள்: “அப்பா, வீட்ல உக்காந்து நான் எத்தன மட்டம் லைட்ட அணைக்காமப் போனேன்னு எண்ணுததுக்கு, அங்கன போயி நாலு பேரோட பந்த எண்ணுங்க.” எனக்கு ஹாக்கிதானே தெரியும், இது கால்பந்தல்லவா என்றேன். “ரெண்டும் பந்துதானப்பா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் போகிற போக்கில் சொன்னதை நான் ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரிக்கு ஒரே மைதானம். திங்கள், புதன், வெள்ளி ஹாக்கிக்கு. மற்ற மூன்று நாள் கால்பந்துக்கு. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. விழுந்தால் முழங்கால் தோலை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். நான் ஹாக்கியில் ரைட்-இன், அதாவது வலப்பக்க முன்கள ஆட்டக்காரன். காயல்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சாகுல், கால்பந்தில் சென்டர் ஃபார்வர்ட். நாங்கள் ஆடும் நாளில் அவன் கோட்டோரம் நின்று கேலி செய்வான். அவர்கள் நாளில் நான் நிற்பேன். “ஏலே ரைட்-இன்னு, பந்த வீட்டுக்குக் கொண்டு போவப் போறியா? அடுத்தவனுக்கும் குடுலே!” என்பது அவனுடைய வழக்கமான ஆசீர்வாதம். அவன் கோலைத் தவறவிட்டால் நானும் விடமாட்டேன். “போஸ்ட்ட இன்னுங் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லட்டுமாலே?” ஆட்டம் முடிந்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெட்டிக்கடை, ஒரே கலர் சோடா. முதல் பாட்டிலைத் தோற்றவன் கையில் கொடுப்பது எங்கள் மரியாதை. இங்கே சோடாவுக்குப் பதில் தேநீர், கூடவே கேக். பெரிய துண்டு தோற்ற அணிக்குப் போகிறது. கடல் கடந்தும் இந்த ஒன்று மாறவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூன்று வருடம் கோட்டோரம் நின்று பார்த்ததில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கோலை நோக்கி நேராகப் போகிறவனுக்கு இரண்டு ஆட்டத்திலும் கோல் கிடைப்பதில்லை. ஓரத்தில் ஒருவன் பந்தைக் கொண்டுபோக வேண்டும். எதிரணியின் தடுப்பாளர்கள் அவன் பக்கம் சாய்வார்கள். அவன் கோடு முடியும் இடம்வரை போய், பந்தைப் பின்னோக்கித் தள்ளுவான். அந்த நேரத்துக்கு நடுவில் ஒருவன் வந்து சேர்ந்திருப்பான். சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியில் விழும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிற்காலத்தில் பொதுப்பணித் துறையில் சேர்ந்து அம்பாசமுத்திரம் பக்கம் கால்வாய்களில் நீர் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது இதையே வேறு விதமாகக் கண்டேன். மடையைத் திறந்துவிட்டால் மட்டும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விடாது. வழியில் எதை அடைப்பது என்றும் தெரிய வேண்டும். நல்ல ஃபார்வர்டும் அப்படித்தான். தான் கோல் போடாவிட்டாலும், தன்னோடு இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போய் ஒரு வாய்க்காலை வெட்டிவிடுவான். அதில் இன்னொருவன் பாய்வான். இரண்டு ஆட்டத்திலும் மாலை அந்த இன்னொருவனுக்கு, வசவு கோல்கீப்பருக்கு. இங்கே பந்து தலைக்கு மேல் எழும்பக் கூடாது என்று ஒரு விதி. ஹாக்கியிலும் ஆபத்தாக உயர்த்தினால் விசில்தான். அதனால் ஓடும் கால்பந்தைவிட இந்த நடக்கும் கால்பந்து ஹாக்கிக்கு நெருக்கம் என்பது என் கட்சி. வந்த இரண்டாம் வாரமே எங்கே நிற்க வேண்டும், யாருக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றே ஒன்றில்தான் இடறினேன். ஹாக்கியில் கோலைச் சுற்றி ஓர் அரைவட்டம் உண்டு. அதற்குள் வந்து அடித்தால்தான் கோல். வெளியிலிருந்து அடித்துப் பந்து வலைக்குள் போனாலும் செல்லாது. ஆகவே அந்தக் கோட்டைக் கண்டால் உள்ளே நுழை என்பது எங்களுக்குக் காலில் எழுதியிருக்கும் பாடம். எங்கள் நடைக் கால்பந்திலும் கோலைச் சுற்றி அதேபோல ஓர் அரைவட்டம், மஞ்சள் நிறத்தில். ஆனால் கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. கோலை வெளியிலிருந்துதான் அடிக்க வேண்டும். பந்தோடு அந்த மஞ்சள் கோட்டை நெருங்கும்போதெல்லாம் என் கால் தானாக உள்ளே போகும். விசில் ஊதும். காலில் இருந்த பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எங்கள் தலைவர் ராய், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு விதி புரியவில்லை என்று நினைத்து, காற்றில் விரலால் அரைவட்டம் வரைந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் “லைன், சாம். யெல்லோ லைன்” என்பார். பிறகு கோடு எனக்குத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் வந்து, அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்தாயிற்றா என்று மீனாவிடமே கேட்டுவிட்டார். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோடு நன்றாகத் தெரிவதுதான் கோளாறு. ஒரு நாள் தேநீர் மேசையில் ஹாக்கி விதியைச் சர்க்கரைப் பொட்டலங்களை வைத்து விளக்கினேன். ராயின் முகம் மலர்ந்தது. “ஓ, ஹாக்கி! என் தங்கை ஆடுவாள்” என்றார். இங்கே இவர்கள் தலைமுறைக்கு அது பள்ளிப் பெண்களின் விளையாட்டாம். எங்கள் ஊரில் அந்த ஆட்டத்தில் பல் உடைந்தவர்கள் உண்டு என்று சற்று விறைப்பாகவே சொன்னேன். “என் தங்கையும் இரண்டு பேருக்கு உடைத்திருக்கிறாள்” என்றார் ராய். நான் சர்க்கரைப் பொட்டலங்களைத் திரும்பக் கிண்ணத்தில் அடுக்கினேன்.

பக்கத்து ஊர் அணியோடு ஒரு போட்டி வந்தது. ஆறு பேர் ஆடலாம், இரண்டு பேர் மாற்று. மொத்தம் எட்டுப் பேர்தான் போக முடியும். ராய் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். உன் ஆட்டம் எனக்குப் பிடிக்கும், ஆனால் நீ உள்ளே நுழைந்து நுழைந்து பந்தை அவர்களுக்குத் தானம் செய்கிறாய், இரண்டு வியாழன் பார்க்கிறேன், மாறாவிட்டால் உன்னைச் சேர்க்க முடியாது. அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன். எத்தனை விளக்குக் கம்பம் என்று எண்ணவில்லை.

ஊரில் இருக்கும் சாகுலைத் தொலைபேசியில் அழைத்தேன். வளைகுடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டுக் காயல்பட்டினத்துக்கே திரும்பியவன். மாணவனாக இருந்தபோது ‘ஏலே’ என்றவன் இப்போது வயதுக்கு மரியாதை கொடுத்து ‘வே’ என்கிறான்.

“என்னவே, நடந்துக்கிட்டே பந்து விளையாடுதீராக்கும்? எங்க ஊர்ல மய்யத்துத் தூக்கிட்டுப் போறவங்ககூட இதவிட வெரசாப் போவாங்க.”

“கிண்டல் பண்ணாதயும்வே. டீம்லருந்து தூக்கப் போறான்.”

“தூக்குனா தூக்கட்டும். எழுபத்தி நாலு வயசுல டீமு என்ன டீமு? மவ வீட்ல பைய இருந்துக்கிட வேண்டியதுதான?”

“மீனாவோட அப்பா, மீனாவோட அப்பான்னு ஊரே எனக்குக் கதவத் திறந்து விடுதுவே. கைய வேற பிடிக்காங்க. அங்கன ஒரு எடத்துலதான் ஒருத்தன் என்னப் பேரச் சொல்லித் திட்டுதான். அதும் போச்சுன்னா நான் என்னத்தச் செய்ய?”

சாகுல் கிண்டலை விட்டான்.

“சரிவே, ஒண்ணு கேக்கேன். உம்ம ஹாக்கில வெளிய நிக்கணும்னு ஒரு நேரங்கூடக் கிடையாதா? பொழுதன்னைக்கும் உள்ளயே பூந்துக்கிட்டுத்தான் இருந்தீராக்கும்?”

“பெனால்டி கார்னருக்கு வெளிய நிப்பேன்.”

“அப்ப மஞ்சக் கோட்டப் பாத்தா கார்னருன்னு நெனச்சுக்கிடும். சோலி முடிஞ்சுது.”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்றால், ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான். தாக்குகிற மற்றவர்கள் அரைவட்டத்துக்கு வெளியே காத்து நிற்க வேண்டும். வருகிற பந்தை அரைவட்டத்தின் உச்சியில் ஒருவன் அசையாமல் நிறுத்துவான், அடுத்தவன் அடிப்பான். எங்கள் கல்லூரி அணியில் நிறுத்துகிறவன் நான். அடுத்த வியாழன் ராயை மைதானத்தின் மூலையில் நிறுத்தி, அரைவட்டத்தைச் சுற்றினாற்போல் பந்தை எனக்குத் தரையோடு உருட்டச் சொன்னேன். தபால்காரராக இருந்த ஆலனுக்கு இடது காலில் நல்ல அடி. அவரை எனக்குப் பின்னால் நிறுத்தினேன். ராய் உருட்டினார், நான் காலால் நிறுத்தி விலகினேன், ஆலன் அடித்தார். பத்துக்கு ஆறு வலைக்குள் போயிற்று. நிறுத்துவதே என் வேலை என்று ஆனதும் மஞ்சள் கோடு என்னை இழுக்கவில்லை. இரண்டு வியாழனும் என்மேல் விசில் இல்லை. எட்டாவது பெயராக என் பெயரைச் சேர்த்தார்கள்.

போட்டி நாளில் தூறல். மீனா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, குடையோடு கோட்டோரம் நின்றாள். இரண்டாம் பாதியில் ராய் என்னை இறக்கினார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியச் சிறிது நேரம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ராய் மூலைக்குப் போனார். ஆலன் எனக்குப் பின்னால். ஈரத் தரையில் பந்து பயிற்சியில் வந்ததைவிட வேகமாக வந்தது, பாளையங்கோட்டைச் சரளையில் வருமே, அந்த வேகத்தில். ஐந்து மாதமாகச் செருப்பு மாட்டக்கூடக் குனிய மறுத்த என் முதுகு குனிந்தது. இடது உள்ளங்கை தரையில் பதிந்தது. பந்து அதில் வந்து முட்டி அப்படியே நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு பந்தை நிறுத்தியதில்லை. ஆலன் அடித்தார். வலை அதிர்ந்தது. கூடவே விசில்.

நாங்கள் ஆடிய காலத்தில் ஹாக்கி கார்னரில் பந்தைக் கையால் நிறுத்தலாம். வலது கையில் மட்டை. இடது உள்ளங்கை தரையில். பிற்பாடு விதியை மாற்றிவிட்டார்கள். என் கைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எதிரணி கோல்கீப்பர்தான் முதலில் சிரித்தார். “கிரிக்கெட் பக்கத்து மைதானத்தில், நண்பரே!” இந்தியன் என்றால் அவர்களுக்கு அதுதானே. எல்லோரும் சிரித்தார்கள். ராய் சிரிக்கவில்லை. வெளியே நின்ற மாற்று ஆட்டக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “ஏப்பா, அந்தக் கைய வீட்ல வச்சுட்டு வந்துருக்கக் கூடாதா!” என்று குடைக்கு அடியிலிருந்து மீனா தமிழில் கத்தினாள். நான் ராயிடம் போய், “ஒன் மோர் கார்னர்” என்றேன். கெஞ்சவில்லை. ஆட்டக்காரன் ஆட்டக்காரனிடம் கேட்பதுபோல் கேட்டேன். அது தவறினால் நானே வெளியேறி விடுகிறேன், இந்த அணிக்கு மறுபடி வரவும் மாட்டேன் என்றேன். ராய் மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்துக்கொண்டார். உயர்த்திய கையைக் கீழே இறக்கினார்.

கார்னர் தானாக வராது. அதனால் நானே ஓரத்தில் பந்தைக் கொண்டுபோனேன். இரண்டு பேர் என் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் காலில் பட்டு வெளியே போகும்படி பந்தைத் தள்ளினேன். கோட்டோரம் நின்று சாகுலின் ஆட்டத்தைப் பார்த்துத் திருடிய வித்தை அது. ராய் மூலைக்குப் போனார். நான் கோட்டுக்கு வெளியே வந்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பந்து வந்தது. காலடியில் நின்றது. விலகினேன். ஆலன் அடித்தார். இந்த முறை விசில் கோலுக்கு ஊதியது.

அன்று இரவு சாகுல் அதிகம் பாராட்டவில்லை. “கால்பந்துல கை வச்சா ஹராம்வே. அம்பது வருசமாச் சொல்லுதேன்” என்றான். ராய் மறுநாள் அடுத்த போட்டிக்கான எட்டுப் பேரை அனுப்பினார். நான் மூன்றாவது.

இப்போது கார்னர் என்றால் அந்த இடம் என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லாமலே விலகி வழி விடுகிறார்கள். மஞ்சள் கோட்டுக்கு ஓரடி வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊரில் கால்வாய்க்கரையைப் பார்வையிட வந்த அதிகாரிபோல் நிற்கிறேன். பந்து உருண்டு வருகிறது. கால் தன் வேலையைத் தெரிந்துகொண்டு முன்னே போகிறது. ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால், வலது கையின் பிடிக்குள், இடது கைவிரல்கள் ஐந்தும் மெதுவாக விரிகின்றன.