நோ கிளைம் போனஸும் கார் சாவியும்

கார் வாங்கிய மறு வருடமே நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். சாவிதான் கைக்கு வரவில்லை. கேட்டால் என் கணவர் 'நோ கிளைம் போனஸ்' என்பார். விபத்து என்று சொல்லி இன்சூரன்ஸில் ஒரு ரூபாயும் வாங்காமல் இருந்தால், வருடா வருடம் பிரீமியத்தில் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும். எங்களுக்கு அது ஐம்பது சதவீதத்தில் நின்றது. அதற்கு மேல் கிடையாது. சொந்தத்தில் ஒரு பையன் கலெக்டர் ஆனதைச் சொல்வதுபோல் அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ ஓட்டி எங்காச்சும் இடிச்சுப்போட்டீனா அம்பதும் போயிரும் அம்மணி" என்பார் என்னிடம்.

வெள்ளகோவிலில் என் அம்மா தனியாக இருக்கிறார். பஸ்ஸில் போய் இறங்கினால் திரும்பும் பஸ்ஸைப் பற்றிய கவலை உடனே வந்துவிடும். காரில் போக கணவரின் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஞாயிறெல்லாம் காதுகுத்து, இல்லையென்றால் கிரகப்பிரவேசம். எரிச்சலாக வரும்.

நடுவில் ஒருமுறை, சீட் பெல்ட் போடவில்லை என்று அவருக்கே அபராத மெசேஜ் வந்தது. முதல் வேலையாக ஏஜெண்டுக்குப் போன் போட்டு, இதனால் போனஸ் போகாது என்று உறுதி செய்துகொண்டார். பிறகு நிம்மதியாக அபராதம் கட்டினார்.

போன வருடம் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பக்கத்துக் கார்கள் உரசிவிடும் என்று, மண்டபத்தை விட்டுத் தள்ளி நிறுத்த ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் கரண்டு கம்பம். அது பல வருடமாக அங்கேதான் நிற்கிறது. பின்கதவு உள்ளே போய், கண்ணாடி நொறுங்கியது. கைக்காசில் முடிகிற வேலையாக இல்லை. கிளைம் போட்டோம்.

"அடுத்த ரினீவலுக்கு போனஸ் கெடையாதுங்கண்ணா. மறுக்கா சைபர்ல இருந்துதானுங்க" என்றார் ஏஜெண்ட்.

அன்று என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் கையை நீட்டினேன்.

"ஏனுங்க, சாவியக் குடுங்க. இனிப் போறதுக்குத்தான் ஒண்ணுமில்லைங்களே."

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கொடுத்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக்கூடாது என்பார்கள். ஆரம்பித்தேன்.

வெள்ளகோவிலில் அம்மா வாசலுக்கு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்பளை எங்க கண்ணு?"

"வரலைங்கம்மா. நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்."

மாப்பிள்ளை ஓட்டும்போது அம்மா பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, வாய் திறக்காமல் வருவார். அன்று காபி வைக்கக்கூட உள்ளே போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கீங்கம்மா போகோணும்?"

"எங்கியோ ஒரு பக்கம் போ கண்ணு. வெரசாத் திரும்ப வேண்டாம்."