வாலில் வைத்த சந்தனம்

மின்விசிறியை நிறுத்தி, வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முத்துமீனா அக்கா தராசின் முன் உட்காருவார். கப்பலூர் பட்டறையில், தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

“எக்கா, நீ மூச்சடக்கியே போய்ச் சேந்துருவ” என்பார் லேத்தில் நிற்கும் சுருளி.

“ஒன் வாய்க்காத்துக்கே எண்ணு ஆடுது. அங்கிட்டுப் போயிப் பேசு.”

தராசில் இருப்பது உள்ளங்கை நீள உலோகக் கூம்பு. தொலைவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றை விடுவார்கள். கண் இமைப்பதற்குள் அது முடிந்துவிடும். மெல்லிய நூலில் தொங்கும் கூம்பு, நூல் அறுந்து அந்தக் காற்றில் மிதக்கும். அதன் ஆட்டம் அடங்குகிறதா, வளர்கிறதா என்பதைக் கேமரா படமெடுக்கும். அடங்கினால் அந்த வடிவம் நல்ல வடிவம். அக்காவுக்கு இதைச் சொல்ல இவ்வளவு தேவையில்லை. “தலை கனத்தா நேராப் போகும். வாலு கனத்தா ஆடும். அம்புட்டுத்தான்.”

அந்தக் கனம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதுவது அவர் வேலை. தினமும் பேரையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அவர் எழுதிய எண்ணை ஆய்வுக்கூடத்தில் யாரும் மறுபடி அளப்பதில்லை.

போன வருடம் மைத்ரேயி என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு வடிவம் கொண்டுவந்தாள். மதுரைக்காரப் பெண். இரண்டு வருடம் அவள் போட்ட கணக்கு அது. பட்டறையிலேயே மூன்று நாள் இருந்து, அக்காவின் புளிச்சோற்றில் பங்கு கேட்டுச் சாப்பிட்டாள். எடை பார்த்து, தாளில் எழுதி முடித்த மறுநாள் ஆயுதபூஜை. லேத்துக்கு, ஸ்பேனருக்கு, தராசுக்கு எல்லாம் பொட்டு வைத்த அக்கா, அந்தக் கூம்புக்கும் வைத்தார். பளபளவென்று தேய்த்த மூக்கில் விரல் படக்கூடாது என்று, சிறு துளை இருக்கும் பின்பக்கமாக வைத்தார். பெட்டியில் போடும்போது நன்றாகத் துடைத்தார்.

காற்றில் அந்தக் கூம்பின் ஆட்டம் அடங்கவில்லை. வளர்ந்து, குப்புறப் புரண்டது. வடிவம் தவறு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மாசி மாதம் கூம்பு பட்டறைக்குத் திரும்பி வந்தது. அக்கா வழக்கம்போல் எடை போட்டார். முன்பு தாளில் எழுதியதைவிட எண் கூடுதலாக இருந்தது. வால்பக்கத் துளைக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் கொட்டியது. மோந்து பார்த்தார். சந்தன வாசம்.

முதலாளி அனந்தபத்மநாபன் வந்து பார்த்தார். “ஊதி விட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்.”

அன்று மத்தியானம் முதலாளி முன்னாலேயே அக்கா மைத்ரேயிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில், எதிரொலியோடு அவள் குரல் மேஜையில் கேட்டது. படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறதாம்.

“பாப்பா, ஒன் கூம்புல சந்தனம் இருந்துச்சும்மா. துளைக்குள்ள. நான்தான் வச்சேன்.”

அவள் கேட்டாள்: “எவ்வளவுக்கா?”

“அரை கிராமுக்குக் கொஞ்சம் கம்மி.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எதையோ கணக்குப் போட்டாள் போலிருக்கிறது. “அது போதும்க்கா” என்றாள். “அது போதும், புரள.” அதற்குப் பிறகு அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“சந்தனம் இருந்துச்சுன்னு எழுதிக் குடுப்பீங்களாக்கா? உங்க கையெழுத்தோட. இன்னொரு தடவை பறக்கவிடச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன். விடுவாங்களான்னு தெரியாது.”

முதலாளி போனைக் கையால் மூடினார். “முத்துமீனா, அப்படி எழுதிப் போனா உங்களை நான் தராசுல உக்கார வைக்க முடியாது. இந்த ஆர்டரும் நின்னுபோகும். புரியுதா?”

“புரியுது சார்.”

“அந்தப் பொண்ணுக்கு இடம் திரும்பக் கிடைக்கும்னு நிச்சயமும் இல்ல.”

“அதுவும் புரியுது. அந்தப் புள்ள போட்ட கணக்கு சரின்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

முதலாளி கையை எடுத்தார். போனில் மைத்ரேயி இன்னும் காத்திருந்தாள். அக்கா ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டார். என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனா தாளின் தலைப்பில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு மேலே முழுவதையும் வெறுமையாக விட்டுவிட்டு, தாளின் அடியில் முதலில் தன் பெயரை எழுதினார்.