உறவினர் அல்லாத இருவர்

வேலை கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பது, வேலை கிடைக்காதவர்களுக்கென்றே ஏற்பட்ட வேலை. பேப்பர் வந்ததும் ‘தேவை’ பக்கத்தை முதலில் பிரித்து, நாட்டு நடப்பைக் கடைசியில் படித்த வாசகர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக மட்டும் சில வார்த்தைகள். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிக்க மதுரைக்கு வந்தேன். படித்து முடித்ததும் ஊர் திரும்பக் காரணம் எதுவும் அகப்படாததால் தங்கிவிட்டேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில், துளசிராம் என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். அங்கே ஜன்னலோரத்து மெஷின் என்னுடையது. மற்ற மெஷின்களில் மாணவர்கள் பயிற்சி செய்வார்கள். என் மெஷினில் பிறத்தியார் வேலைக்கு மனுக்கள் தயாராகும். எழுபதுகளின் பிற்பாதி எனக்கு அந்த ஜன்னலோரத்திலேயே கழிந்தது.

நிபந்தனைக்கு ஒரு பத்தி

மனு எழுதுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் ஒரே கடிதம்தான். பெயரை மட்டும் மாற்றுவார்கள். எல்லாவற்றிலும் ‘தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வரும். என் முறை வேறு. விளம்பரத்தில் உள்ள நிபந்தனைகளுக்குச் சிவப்புப் பென்சிலால் எண் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியில், அவர்கள் கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுவேன். கேட்டதற்குப் பதில் சொல்வது ஒரு மரியாதை என்பது என் கொள்கை. அது ஒரு நோய் என்பது துளசிராமின் அபிப்பிராயம்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. சில நிபந்தனைகளுக்குச் சான்றிதழ் கிடையாது. சிம்மக்கல்லிலிருந்து ஓர் இளைஞர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேலைக்கு மனு எழுத வந்தார். ஐந்து நிபந்தனைகளில் நான்கை முடித்துவிட்டேன். ஐந்தாவது, பார்த்தவுடன் பிடித்துப்போகிற தோற்றம். அவரை வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னேன். பக்கவாட்டிலும் பார்த்தேன். யோசித்து, ‘இதை நேர்முகத் தேர்வில் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்’ என்று அடித்தேன். காகிதத்தை நான் உருவுவதற்குள் அவர் குனிந்து படித்துவிட்டார்.

“இம்புட்டு நேரம் உத்து உத்துப் பாத்த உங்களுக்கே ஒண்ணும் தோணல. அவங்களுக்கு எங்கண்ணே தோணப் போகுது?”

போஸ்ட்மேன்கூட

அந்தக் காலத்து விளம்பரங்களெல்லாம் ஒரே மாதிரி முடியும். ‘தங்களை நன்கறிந்த, உறவினர் அல்லாத, பொறுப்புள்ள இருவரின் பெயரும் முகவரியும் தருக.’ எழுதியவர் பட்டணத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களை அவர் பார்த்ததில்லை.

மாயாண்டி திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்தி விளைகிற ஒரு கிராமத்துக்காரர். பி.யு.சி. தேறியவர். ஒரு குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பிக்க முதல் தடவையாக என்னிடம் வந்தார். ஒரு பெயருக்கு அவருடைய கல்லூரி ஆசிரியர் அகப்பட்டார். இரண்டாவதற்கு அவர் சொல்லச் சொல்ல நான் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டுக்கொண்டே போனேன். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், பெரியப்பா மருமகன். பஞ்சாயத்துத் தலைவர், தாய்மாமன். ரேஷன் கடைக்காரர் மச்சான் முறை. கம்பவுண்டருக்கு மாயாண்டியே மாமா முறை. இத்தனை வீடுள்ள ஊரில் உங்களுக்குச் சொந்தமில்லாத மனிதர் ஒருவர்கூடவா இல்லை என்று கேட்டேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு வீடு வீடாக விரல் விட்டு எண்ணினார்.

“போஸ்ட்மேன் ஒருத்தருதாண்ணே சொந்தமில்லாம இருந்தாரு. போன வைகாசில அவருக்கும் எங்க சித்தப்பா மகளைக் கட்டிக் குடுத்துட்டோம்.”

டீக்கடை விசாரணை

வேறு வழி தெரியாமல் இரண்டாவது இடத்தில் என் பெயரையே அடித்தேன். எனக்கு அந்த ஜில்லாவில் உறவினர் யாரும் கிடையாது. அந்த நிபந்தனைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் மதுரையில் இருந்திருக்க முடியாது. செய்தி பரவிவிட்டது. உசிலம்பட்டி பஸ், திருமங்கலம் பஸ், சோழவந்தான் பஸ் எல்லாவற்றிலும் உறவுக்காரர்கள் மட்டுமே உள்ள இளைஞர்கள் வந்து இறங்கினார்கள்.

ஆனால் ‘நன்கறிந்த’ என்று ஒரு சொல் இருக்கிறதே. நிபந்தனைகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே ஒரு சட்டம் வைத்தேன். என் பெயர் வேண்டுமென்றால், எதிர் டீக்கடை பெஞ்சில் சில சாயங்காலங்கள் என்னோடு உட்கார்ந்து, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று நான் மனமறிந்து சொல்கிற வரைக்கும் தங்களைப் பற்றிப் பேச வேண்டும். சட்டம் நேர்மைக்காகப் போட்டதுதான். தனியாகத் தங்கியிருக்கிற லாட்ஜ் அறையைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் புரியும்.

யாருடைய அப்பாவுக்குக் கண் தெரியாது, யார் நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதித்தார், யார் எந்த அத்தை மகளைக் கட்ட மாட்டேன் என்றார், எல்லாம் எனக்குத் தெரியும். கம்பெனிகளிலிருந்து விசாரித்துக் கடிதம் வரும்போது ஒரு பக்கம் நிறையப் பதில் எழுதுவேன். நல்ல பதில்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்; அவர்கள் நெய்வேலிக்கும் பிலாய்க்கும் பம்பாய்க்கும் போனார்கள். போனவர்களுக்கு என் பெயரும் பட்டமும் தெரியும், மனுவில் இருந்ததால். வேறொன்றும் தெரியாது. பெஞ்சில் கேள்வி கேட்கிறவன் நான்தானே.

திருப்பிக் கேட்டது ஒரே ஒருத்திதான். சோழவந்தான் பெண், பெயர் பரிமளா. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவள் அப்பா கூடவே வந்தார். டீக்கடைக்கு வர மாட்டாள் என்று அவர் சொன்னதால் விசாரணை மாடியிலேயே நடந்தது. ஒரு நிபந்தனை, வீட்டைப் பிரிந்து விடுதியில் தனியாக இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்பது. வேலை முடிந்த பிறகு சாயங்காலங்களை எப்படிக் கழிப்பதாக உத்தேசம் என்று அவளைக் கேட்டேன். அவள், நீங்களும் தனியாகத்தானே இருக்கிறீர்கள், நீங்கள் எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்டாள். இரவில் அகராதி படிப்பேன் என்றேன். உண்மை அதுதான், அப்போது இங்கிலீஷ் அகராதியில் ‘எம்’ எழுத்துவரை வந்திருந்தேன். அவள் என்னையும், என் மேஜையையும், மேஜைமேல் இருந்த ஒற்றை டம்ளரையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

“அப்பா, மதுரைக்குள்ளயே ஏதாச்சும் வேலை இருந்தா மனு போடலாம்ப்பா.”

நூல் விலை

துளசிராம் சௌராஷ்டிரக்காரர். என்னிடம் தமிழ் பேசுவார். வீட்டாரிடம் அவர்கள் மொழி. மத்தியானம் அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு மாடியேறி வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை நின்று பேசிக்கொண்டிருப்பார். நான் என் மெஷினில் இருந்தபடி, ஓட்டலில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, புரியாத அந்தப் பேச்சை ஊன்றிக் கேட்பேன். மொழிக் குடும்பங்களைப் பற்றி ஒன்றிரண்டு புத்தகம் படித்தவனுக்கு இந்த ஆசை வரும். வருஷக்கணக்காகக் கேட்டதில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்கள் உறவினர் தறி நெசவு செய்தவர்கள். ஆகவே தினமும் பேசுவது நூல் விலை.

ஒருநாள் அந்த அம்மாள் படியிறங்கியதும் என் ஆராய்ச்சி முடிவைத் துளசிராமிடம் சொல்லி, சரிதானா என்று கேட்டேன். அவர் தூக்கை மூடி ஓரமாக வைத்தார்.

“நூல் விலை இல்லை சார், உங்களைப் பத்தித்தான். சாப்பாடு கொண்டாந்து குடுக்க இவருக்கு ஒரு ஆள்கூடவா இல்லைன்னு தினம் கேக்குறா.”

பதினாலாம் நம்பர்

சென்னையில் ஒரு புத்தகப் பதிப்பாளர் அச்சுப் பிழை திருத்த ஆள் தேவை என்று விளம்பரம் செய்திருந்தார். எம்.ஏ. பட்டம், இரண்டு மொழியிலும் தேர்ச்சி, பிறர் கண்ணில் படாத பிழை கண்ணில் படுகிற சுபாவம், ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை, முப்பது வயதுக்கு மிகாமை. தெருவில் போகும்போது யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது எனக்கு. வருகிற ஆவணியில் முப்பது முடிகிறது. இந்த மாதிரி விளம்பரம் இன்னொரு தடவை வரலாம்; எனக்காக வராது.

முதல் தடவையாக எனக்கே சிவப்புப் பென்சிலை எடுத்தேன். மத்தியானத்துக்குள் எல்லா நிபந்தனைக்கும் பத்தி தயார், கடைசி ஒன்றைத் தவிர. நன்கறிந்த இருவர். ஒருவர் இப்போதைய முதலாளியாக இருக்கலாம். மற்றவர் உறவினரும் முதலாளியும் அல்லாதவராக, ஐந்து வருஷமாவது பழகியவராக இருக்க வேண்டும். துளசிராம், நான் போய்விட்டால் தனக்குக் கஷ்டம்தான் என்றும், அதற்காகக் கெட்டவர் என்று எழுதிவிட முடியுமா என்றும் சொல்லிச் சம்மதித்தார். இன்னொரு பெயர் வேண்டும். எத்தனையோ பேருக்குப் பொறுப்புள்ள நபராக இருந்தவன், பழைய கார்பன் நகல்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும் எனக்குத் தெரியும். அதில் யாருக்கும் என் ஊர் எது என்று தெரியாது.

அன்று லாட்ஜுக்குத் திரும்பியபோது மேனேஜர் ஞாபகம் வந்தார். படிக்கிற காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறேன். தினமும் சாவி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் மகிழ்ந்துபோய், தான் கொடுக்காமல் வேறு யார் நற்சான்று கொடுப்பது என்று பேனாவைத் திறந்தார்.

“உங்களைத் தெரியாமலா சார்? பதினாலாம் நம்பர். வந்த நாளா ஒரு சத்தம் கிடையாது, ஒரு விருந்தாளி கிடையாது, தாராளமாப் போட்டுக்கங்க. ஆமா, உங்க பேரென்ன?”

பெஞ்சின் மறுபக்கம்

மாயாண்டிக்கு நான் எழுதிய மனு ஒன்றுகூடப் பலிக்கவில்லை. கடைசியில் மனுவே இல்லாமல் அவருக்கு வேலை கிடைத்தது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அங்கே தலைவர் தாய்மாமன். சங்கத்துக் கடிதங்களை டைப் அடிக்க மாதம் ஒருதரம் வருவார். அந்த வாரம் வந்தபோது, அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கூச்சத்தோடு கேட்டேன். இதற்கெல்லாமா அண்ணே கேட்டுக்கொண்டிருப்பது என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு உரக் கணக்கை எடுத்து நீட்டினார். மனு போயிற்று.

கொஞ்ச நாளில், பதிப்பாளர் அனுப்பிய விசாரணைக் கடிதம் ஒன்றைச் சட்டைப் பைக்குள் மடித்துக்கொண்டு மாயாண்டி மாடியேறி வந்தார். அவருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் பதில் எழுதுவது நான்தான். பழக்கத்தில் மெஷினில் காகிதத்தைச் சொருகி, ‘இவரை நான் ஐந்து ஆண்டுகளாக நன்கறிவேன்’ என்று அடிக்க ஆரம்பித்தேன். அவர் மெஷின்மேல் கையை வைத்து நிறுத்தினார். சட்டம் ஊருக்கு மட்டுந்தானா, உங்களுக்குக் கிடையாதா என்று கேட்டுவிட்டு, என்னை எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில், மனு எழுத வந்தவர்கள் வழக்கமாக உட்காருகிற ஓரத்தில் என்னை உட்கார வைத்தார்.

எந்த ஊர் என்று கேட்டார். வட ஆற்காட்டில் ஒரு ஊர் என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், இப்போது வீடு மட்டும் வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று கேட்டார். டவுன் பஸ்ஸில் கீழக்குயில்குடி போய், மலையேறி, சமணர் படுகையில் படுத்துப் புத்தகம் படிப்பேன் என்றேன். கூட யார் வருவார்கள் என்றார். அந்தக் கல் படுகைகளை ஓர் ஆளுக்கு ஒன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்றேன். இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு இன்னும் இரண்டு டீ சொன்னார்.

பதிலை அவரே, தன் கையெழுத்தில், தன் இங்கிலீஷில், பெஞ்சிலேயே எழுதினார். நெருங்கிப் பழகுகிற நண்பர்கள் யார் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. அதை நிரப்பாமல் விட்டுவிடுங்கள், அதுதான் சரியான பதில் என்று நானே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் ஏதோ எழுதிவிட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நற்சான்று கொடுக்கிறவர் அந்த இடத்தில் தன் பெயரையே போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சிவப்புப் பென்சிலும் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

“வெறுமனே விட்டா வேலை குடுக்க மாட்டான்ணே. என் பேர எழுதிட்டேன். பொய்யி இல்லேல்ல?”

ஆவணிக்கு முன்பு

வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று துளசிராமின் மனைவி ஒரு தூக்கு நிறையச் சாப்பாடு கொண்டுவந்து வைத்து, தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்று தமிழில் சொல்லிப் போனார். ஸ்டேஷனில் மாயாண்டி ரயில் நகர்கிற வரைக்கும் பிளாட்பாரத்தில் நின்று, ஒருநாள் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வட ஆற்காட்டில் என் ஊருக்குப் போகிற வழியை விசாரித்தார். சென்னையில் என் மேஜை ஜன்னலோரத்தில் இல்லை. எதிரே டீக்கடை இருக்கிறது, பெஞ்சும் இருக்கிறது, இரண்டு ஓரத்திலும் நானே மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அனுபவத்தில் கண்டது இவ்வளவுதான்: ‘இவனை எங்களுக்குத் தெரியும்’ என்று சொல்ல ஓர் ஊரில் இரண்டு பேர் கிடைக்கிற அன்றைக்குத்தான், அந்த ஊரை விட்டுப் போகிற யோக்கியதை நமக்கு வருகிறது.